‘நம்பாமல் திருவிருந்து எடுத்தால் அது நடிப்பு’ என்கிற மகனுக்கு என்ன பதில் சொல்வது?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் சேகரக் கமிட்டி (திருச்சபையின் உள்ளூர் நிர்வாகக் குழு) உறுப்பினர். ஒரே மகன் கோயம்புத்தூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஓய்வுநாள் பாடசாலையில் வசனப் போட்டிகளில் பரிசு வாங்கி வளர்ந்தவன், திடப்படுத்தலும் (தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டுச் சபையில் முழு உறுப்பினராகும் சடங்கு) பெற்றவன். கடந்த கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாரும் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்து போனபோது அவன் மட்டும் இருக்கையை விட்டு அசையவில்லை. வீட்டில் கேட்டதற்கு, “நம்பாமல் எடுத்தால் அது நடிப்பு” என்று சொல்லியிருக்கிறான். பிறகு பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தவன் ஆராதனை முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தான். அசனம் தொடங்கியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பந்திவரை சாம்பார் பரிமாறினான்.

அவன் நோட்டிலிருந்து ஆறு கேள்விகளை இந்தத் தாய் எழுதி அனுப்பியிருக்கிறார். இயேசு என்று ஒருவர் வாழ்ந்ததற்கு வேதாகமத்துக்கு வெளியே ஆதாரம் உண்டா? வேதாகமத்தை ராஜாக்களும் பிஷப்புகளும் திருத்தவில்லையா? ஆதியாகமத்தை விஞ்ஞானம் பொய்யாக்கிவிட்டதே? எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கு யார் காரணம்? வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த, சாதியும் பார்க்கிற ஒரு மதத்தில் நான் ஏன் இருக்க வேண்டும்? ஆறாவது கேள்வி, பெரியம்மா மகனைப் பற்றியது. இருவரும் ஒரே வயது, ஒன்றாக வளர்ந்தவர்கள். இரத்தப் புற்றுநோயில் போன வருடம் அந்தப் பையன் இறந்துவிட்டான். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு ஜெபக் கூட்டத்தில் ‘சுகம் கிடைத்துவிட்டது’ என்று மேடையில் அறிவித்திருக்கிறார்கள். அடக்கம் முடிந்தபின் ‘குடும்பத்தில் விசுவாசக் குறைவு’ என்று அதே ஊழியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

படிப்புச் செலவை நிறுத்திவிடுவேன் என்கிறார் கணவர். இது ஆவியின் போராட்டம், விடுதலை ஜெபத்துக்குக் கூட்டிப்போ என்கிறார் உடன்பிறந்த அண்ணன். இந்தத் தாய் கேட்பது: “அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? எங்கே தவறினோம்?”

அன்புள்ள சகோதரி,

மகன் உங்களிடம் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். பெற்றோரைத் திருப்திப்படுத்த எழுந்து போய் அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. திருவிருந்தை இலேசாக எண்ணாததால்தான் அவன் எழுந்து போகவில்லை. இந்த நேர்மையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் வீடுதான். எனவே ‘எங்கே தவறினோம்’ என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

அக்கா மகனின் மரணம்

ஆறாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற ஐந்துக்கும் புத்தகங்களில் பதில் தேடலாம். இதற்கு ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விசுவாசக் குறைவினால் அந்தப் பிள்ளை இறந்தான் என்று சொன்னது தவறு. வேதாகமத்தின்படியே தவறு. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த ஊழியர் சொல்வாரா? கெத்செமனேயில் ‘இந்தப் பாத்திரம் நீங்கட்டும்’ என்று கேட்டவருக்கும் அது நீங்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளோ என்று கேட்டு, ‘அப்படியல்ல’ என்று இயேசு தம் வாயாலேயே சொன்னார். யோபுவின் நண்பர்கள் அவன் துன்பத்துக்கு அவன் பாவமே காரணம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மேல்தான்.

உங்கள் மகன் (இனி அவனைத் தம்பி என்றே சொல்கிறேன்) தள்ளிவிட்டது யாரை என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் சுகத்தை அறிவித்துவிட்டு, பிள்ளை செத்தபின் தாயின் தலையில் பழியைப் போடுகிற ஒரு கடவுளை. அப்படிப்பட்ட கடவுளை நானும் நம்பவில்லை. இதை அவனிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் அக்காவிடமும் சொல்ல வேண்டும், அதுவும் அவன் முன்னாலேயே.

இனி வாதத்துக்கு வருகிறேன். கடவுள் நல்லவர், சர்வ வல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது, ஆகவே இந்த மூன்றும் சேர்ந்து நிற்க முடியாது என்று 1955இல் ஜே. எல். மேக்கி என்ற தத்துவ அறிஞர் எழுதினார். மனிதருக்கு உண்மையான சுதந்திரம் கொடுத்த ஓர் உலகில், தீமைக்கு இடமில்லாதபடி கடவுளே எல்லாவற்றையும் நடத்திவிட முடியாமல் போகலாம் என்று ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் பதில் சொன்னார். கடவுள் இருப்பதும் தீமை இருப்பதும் நேர் முரண் என்று நிறுவிவிட முடியாது என்பதைக் கடவுளை நம்பாத தத்துவ அறிஞர்கள் பலரும் இன்று ஒப்புக்கொள்கிறார்கள். இது சிறிய வெற்றி அல்ல. ஆனால் உங்கள் வீட்டுக்கு இது போதாது. எலும்பு மஜ்ஜையில் ஓர் உயிரணு கெட்டுப்போனதில் யாருடைய சுதந்திரம் இருக்கிறது? தம்பி இதைத்தான் கேட்பான், கேட்பதும் சரி.

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. யோபுவுக்கும் அது கொடுக்கப்படவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது வேறு. இந்த மரணம் நல்லது என்று அது சொல்வதில்லை. மரணத்தைக் கடைசிச் சத்துரு என்றே பவுல் எழுதுகிறார். எழுப்பப் போவது தெரிந்தும் லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டார். கடவுளே மனிதனாகி, ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கதறிச் செத்தார் என்று சொல்கிற விசுவாசம் இது. துன்பத்தைத் தூரத்திலிருந்து விளக்குகிற கடவுள் அல்ல இவர். ‘ஒரு துன்பத்துக்கான காரணம் எனக்குத் தெரியவில்லை’ என்பதிலிருந்து ‘காரணமே இருக்க முடியாது’ என்ற முடிவுக்குப் போகவும் வழியில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் நான் விசுவாசத்தில் நிற்கிறேன். புதிர் தீர்ந்துவிட்டது என்று தம்பியிடம் சொல்லாதீர்கள். 88ஆம் சங்கீதத்தை அவனுக்குக் காட்டுங்கள். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரி அதில் இல்லை. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதாகமம் உள்ளே வைத்திருக்கிறது என்பது அவனுக்கு முக்கியமாகப் படும்.

விட்டுவிட வேண்டிய பதில்கள்

உங்கள் அண்ணன் உங்கள் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளின் நகலைப் பார்த்தேன். யோசுவாவின் நாளில் சூரியன் நின்றதை நாசாவின் கணினி கண்டுபிடித்தது என்ற செய்தி கட்டுக்கதை, நாசாவே மறுத்தது. சார்லஸ் டார்வின் மரணப் படுக்கையில் மனந்திரும்பினார் என்ற கதை 1915இல் பரவத் தொடங்கியது. கடைசிக் காலத்தில் அவர் அருகிலிருந்த மகள் ஹென்ரியேட்டா அதை எழுத்திலேயே மறுத்தார். நாத்திகப் பேராசிரியரை மடக்கிய மாணவன்தான் ஐன்ஸ்டைன் என்ற கதைக்கும் ஆதாரமில்லை.

இவை நல்ல எண்ணத்தில் அனுப்பப்படுகின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் கணினி படிக்கிற பையனுக்கு இவற்றின் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். நாசா செய்தி பொய் என்று கண்டவன் இயேசுவின் கல்லறை வெறுமையாயிருந்தது என்ற செய்தியையும் அதே கண்ணோடுதான் பார்ப்பான். சத்தியத்தைப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு சரிபார்க்காத செய்தியைப் பரப்பக் கூடாது. அண்ணனிடம் இதை அன்பாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

‘சீஷர்கள் எல்லாரும் இரத்தசாட்சிகளாகச் செத்தார்கள், பொய்க்காக யாராவது சாவார்களா?’ என்று நீங்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதையும் திருத்திக்கொள்ளுங்கள். செபெதேயுவின் மகன் யாக்கோபு, பேதுரு, பவுல், இயேசுவின் சகோதரன் யாக்கோபு ஆகியோரின் மரணத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு. மற்றவர்களைப் பற்றிய பல செய்திகள் பிற்காலப் பாரம்பரியங்கள். மேலும், உயிரைக் கொடுப்பது ஒருவர் உண்மையாகவே நம்பினார் என்பதைக் காட்டும். அவர் நம்பியது உண்மையா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். தம்பி இந்த இடத்தில் உங்களை மடக்கியிருந்தால், அவன் சொன்னது நியாயம்.

இயேசு வாழ்ந்தாரா? வேதாகமம் திருத்தப்பட்டதா?

முதல் கேள்வியில் தம்பிதான் காலத்துக்குப் பின்னால் நிற்கிறான். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 116ஐ ஒட்டி எழுதியபோது, ரோமப் பேரரசன் திபேரியுவின் ஆட்சியில் ஆளுநர் பொந்தியு பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை விதித்ததைக் குறிப்பிடுகிறார். அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர், இந்த நம்பிக்கையைக் கேடான மூடநம்பிக்கை என்றே எழுதியவர். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், கி.பி. 62இல் கொல்லப்பட்ட யாக்கோபைப் பற்றிச் சொல்லும்போது ‘கிறிஸ்து என்னப்பட்ட இயேசுவின் சகோதரன்’ என்கிறார். அதே யோசேபஸின் நூலில் இயேசுவைப் புகழ்கிற இன்னொரு பகுதி உண்டு. அதில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு, ஆகவே அதை மேற்கோள் காட்டாதீர்கள். விசுவாசத்தை விட்டு விலகிய அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மன், இயேசு வாழ்ந்தார் என்பதை நிறுவ 2012இல் தனிப் புத்தகமே எழுதினார். இந்தக் கேள்வியில் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அவர் பக்கம்தான்.

இரண்டாவது கேள்வியில் பாதி சரி, பாதி தவறு. கான்ஸ்டன்டைன் மன்னன் 325இல் கூட்டிய நைசியா சங்கம் எந்தப் புத்தகங்கள் வேதாகமம் என்று வாக்கெடுத்ததாக ஒரு கதை உலவுகிறது. அந்தச் சங்கத்தின் தலையாய விவாதம், இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுவின் போதனையைப் பற்றியது. அங்கே புத்தகப் பட்டியல் எதுவும் தீர்மானிக்கப்படவில்லை. நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சபைகளில் வாசிக்கப்பட்டு வந்தன. இன்றுள்ள 27 புத்தகங்களும் அப்படியே இடம்பெறும் பட்டியல் 367இல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியு எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

திருத்தங்கள் உண்டா என்றால், உண்டு. 1 யோவான் 5:7ஐ நம் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) எடுத்துப் பாருங்கள், ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்’ என்றிருக்கும். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வாக்கியம் இல்லை. மாற்கு 16இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் முந்திய பிரதிகளில் காணப்படவில்லை. புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் இதை அடிக்குறிப்பில் வெளிப்படையாகவே சொல்கின்றன.

ஆனால் இவை திருத்தங்கள் என்று நமக்கு எப்படித் தெரியவந்தது? நீங்கள் ஆசிரியை. கரும்பலகையில் எழுதிப்போட்டதை ஐம்பது பிள்ளைகள் நோட்டில் எழுதுகிறார்கள், பிறகு பலகையை அழித்துவிட்டீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் பிழை விட்டிருந்தாலும் ஐம்பது நோட்டையும் அடுக்கி வைத்தால் பலகையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடலாம். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாபிரஸ் (நாணல் தாள்) துண்டு இருக்கிறது. இரண்டு பக்கமும் எழுதப்பட்ட அதில், பிலாத்துவுக்கு முன் இயேசு நிற்கும் யோவான் 18இன் வரிகள் தெரிகின்றன. அதை இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். ஒரு ராஜா உட்கார்ந்து திருத்தியிருந்தால், எகிப்திலும் சிரியாவிலும் ரோமிலும் அதற்குள் பரவிவிட்ட பிரதிகளையெல்லாம் அவன் எப்படிச் சேகரித்திருப்பான்?

வாசகம் நம்பத்தக்க விதத்தில் நம்மிடம் வந்திருக்கிறது என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் முடிவு. அதில் எழுதியிருப்பதெல்லாம் நடந்ததா என்பது அடுத்த கேள்வி.

உயிர்த்தெழுதல்

தம்பியின் பட்டியலில் இது இல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. பவுல் எல்லாவற்றையும் இதன்மேல்தான் வைக்கிறார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று அவரே எழுதிவிட்டார். ஆதியாகமத்தின் நாட்களைப் பற்றிச் சண்டையிடுவதைவிட இங்கே வாதிடுவது பயனுள்ளது.

1 கொரிந்தியர் 15இல் பவுல் ஒரு சாட்சிப் பட்டியல் தருகிறார். கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமானோர், யாக்கோபு என்று அது போகிறது. நிருபம் எழுதப்பட்டது 50களின் நடுவில். ஆனால் ‘நான் பெற்றுக்கொண்டதை உங்களுக்கு ஒப்புவித்தேன்’ என்று அவர் தொடங்குவதால் செய்தி அதைவிடப் பழையது. அவர் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவையும் யாக்கோபையும் நேரில் கண்டதைக் கலாத்தியர் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். எனவே இது நூறு வருடம் கழித்து முளைத்த கதை அல்ல. இந்த யாக்கோபுதான் இயேசுவின் சகோதரன். அவருடைய சகோதரரும் அவரை விசுவாசியாதிருந்தார்கள் என்று யோவான் 7 சொல்கிறது. அந்த வீட்டிலிருந்த ஒருவன் எருசலேம் சபையின் தலைவனாகி 62இல் கொல்லப்பட்டான் என்றால், இடையில் ஏதோ நடந்திருக்க வேண்டும். கல்லறை வெறுமையாயிருந்ததை முதலில் கண்டவர்களாக நான்கு சுவிசேஷங்களும் பெண்களைச் சொல்கின்றன. அக்காலத்து யூத சமூகத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. கதை கட்டுகிறவர் தம் முதல் சாட்சிகளாக அவர்களை நிறுத்தமாட்டார்.

இவை கணிதச் சான்றுகள் அல்ல. துக்கத்தில் வந்த பிரமை என்று ஒருவர் வாதிடலாம். அற்புதம் நடந்தது என்பதைவிடச் சாட்சி தவறியது என்பதே எப்போதும் நம்பத்தக்கது என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748இல் எழுதினார், தம்பியும் அதையே சொல்லக்கூடும். ஆனால் அதில் ஒரு முடிவு முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது. கடவுள் இல்லையென்றால் ஹியூம் சொல்வது சரி. கடவுள் இருக்கக்கூடும் என்றால், ஒவ்வொரு சாட்சியையும் அதனதன் தகுதியை வைத்து எடைபோட வேண்டும். நான் எடைபோட்ட வரையில், துக்கப் பிரமை என்ற விளக்கம் பேதுருவுக்குப் பொருந்தலாம். சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்த பவுலுக்கு அது பொருந்தவில்லை.

விஞ்ஞானமும் முதற்காரணமும்

சூரியன் நான்காம் நாளில் உண்டானதென்றால் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று தம்பி கேட்கிறான். இதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற சபைப் பிதா கேட்டார். அதனால் அந்தப் பகுதியை நேரடி வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதினார். டார்வினுக்குப் பயந்து பின்னால் செய்த சமாளிப்பு அல்ல இது. வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றிக் கிறிஸ்தவர்கள் தவறாக உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை மற்றவர்கள் எப்படி நம்புவார்கள் என்று அகஸ்தீனும் எச்சரித்தார். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து ஆறு நாளாக வாசிக்கிற நல்ல விசுவாசிகளும் நம் சபைகளில் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி வாசித்தால்தான் கிறிஸ்தவன் என்று தம்பியிடம் சொல்லாதீர்கள். மரபணுவியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஒரு துறவி. மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் பரிணாமத்தை ஏற்கிற விசுவாசி.

பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927இல் எழுதி, பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெட்ர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க குருவானவர். 1951இல் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் பேசியபோது லெமெட்ருக்கு அது உவப்பாக இல்லை. விஞ்ஞானக் கொள்கையை மதச் சான்றாக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நான் லெமெட்ர் பக்கம். பெருவெடிப்பைக் காட்டி ‘பார்த்தாயா, ஆதியாகமம்’ என்று தம்பியிடம் சொல்லாதீர்கள்.

‘கடவுளுக்கு யார் காரணம்?’ என்ற கேள்வி, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று நாம் சொல்வதாக எடுத்துக்கொள்கிறது. நாம் சொல்வது அதுவல்ல. இல்லாமலும் போயிருக்கக்கூடிய ஒன்று ஏன் இருக்கிறது என்பதற்குத்தான் விளக்கம் தேவை. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலி விவாதத்தில், பிரபஞ்சம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஆகவே நாத்திகரும் ஓரிடத்தில் நிற்கிறார், நாமும் ஓரிடத்தில் நிற்கிறோம். மாறிக்கொண்டே இருக்கிற, வேறு விதமாகவும் இருந்திருக்கக்கூடிய ஒரு பிரபஞ்சத்தில் நிற்பதைவிட, என்றும் இருக்கிற ஒருவரிடத்தில் நிற்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. அப்படி நிற்பதற்கு விஞ்ஞானத்தை விட வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர் மதமா? சபையில் சாதி ஏன்?

தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்ட சீகன்பால்கு, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர். அவரைச் சில மாதங்கள் சிறையில் அடைத்தது அங்கிருந்த டேனிஷ் தளபதிதான். ஆங்கிலேயக் கம்பெனியோ 1813வரை மிஷனரிகளுக்குக் கதவை முழுமையாகத் திறக்கவில்லை. இயேசு ஆசியாவில் பிறந்தவர். இயேசுவின் சீஷர் தோமா கி.பி. 52இல் இந்தியாவுக்கு வந்ததை ஆவணங்களால் நிறுவ முடியாவிட்டாலும், ஆறாம் நூற்றாண்டிலேயே மலபார்க் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததைக் கோஸ்மாஸ் என்ற பயணி எழுதிவைத்திருக்கிறார். அதே சமயம், பின்னாளில் ஊழியம் ஆங்கில ஆட்சியின் நிழலில் பலன் பெற்றதையும் மறைக்க வேண்டாம்.

சாதியைப் பற்றி அவன் சொல்வதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார இரண்டு கைகளாகவே ஓர் ஆலயத்தைக் கட்டினார்கள், ஊரார் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் செத்தவர்களையும் பிரித்தது. இன்றைக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் என்ன பேசப்படுகிறது என்பது உங்கள் கணவருக்குத் தெரியும். இதற்காகத் தம்பி கோபப்பட்டால் அவனோடு சேர்ந்து கோபப்படுங்கள்.

பெரியாரைப் படிக்கிறான் என்று பயப்படுகிறீர்கள். ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்ற அவர் வாக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறானாம். நோட்டைப் பிடுங்காதீர்கள். தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்கிறார். மனிதனை மறந்துவிட்டுக் கடவுளைக் கும்பிடுகிறவர்களைக் கண்டிப்பதில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஒன்றை மட்டும் தம்பியிடம் கேளுங்கள், மடக்குவதற்காக அல்ல: எல்லா மனிதரும் சமம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாயே, எதை வைத்துச் சொல்கிறாய்? பலத்திலும் அறிவிலும் இயற்கை நம்மைச் சமமாக வைக்கவில்லை. தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பது என் விடை. கடவுளை நம்பாதவன் ஒழுக்கமாக வாழமாட்டான் என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். நியாயப்பிரமாணம் எல்லார் இருதயத்திலும் எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமர் 2 சொல்கிறது. நீங்கள் அப்படிச் சொன்னால், பந்தி பரிமாறிய உங்கள் பிள்ளையையே அவமதிக்கிறீர்கள்.

வீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகள்

படிப்புச் செலவை நிறுத்துவது பற்றி. தயவுசெய்து கணவரிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். ஐயா, அடுத்த தவணைப் பணத்துக்காக அவன் ஆலயத்துக்கு வந்து உட்காரக்கூடும். அவன் நடிப்பு என்று சொன்னதையே நீங்கள் அவனிடமிருந்து விலைக்கு வாங்குவீர்கள். அவன் பதினெட்டு வயது கடந்தவன். நம் அரசியலமைப்பின் 25ஆம் கூறு தருகிற மனச்சாட்சிச் சுதந்திரம் நமக்கு ஆராதிக்க உரிமை தருவதுபோலவே அவனுக்கு விலகி நிற்கவும் உரிமை தருகிறது. கமிட்டியில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை எனக்குப் புரிகிறது. அந்தக் கவலையை மகன் தலையில் ஏற்றாதீர்கள்.

விடுதலை ஜெபத்துக்குக் கூட்டிப்போகவே கூடாது. ஒரு மேடைதான் அவனை இந்த அளவுக்குக் காயப்படுத்தியது, இன்னொரு மேடையில் ஏற்றினால் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படலாம். அவன் கேட்பது கேள்வி. அதைப் பிசாசு என்று பெயர்வைப்பது அவன் அறிவையும் துக்கத்தையும் ஒருசேர இழிவுபடுத்தும். துக்கத்துக்கு உதவி வேண்டியிருக்கலாம். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையில் பிடிப்பில்லை என்ற பேச்சு தொடர்ந்து வந்தால் மனநல மருத்துவரையோ தகுதிபெற்ற ஆற்றுப்படுத்துநரையோ தாமதிக்காமல் பாருங்கள். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குடும்ப ஜெபத்தை வழக்கம்போல் நடத்துங்கள். அவன் வராவிட்டால் குறிப்பு வைத்து ஜெபிக்காதீர்கள். ‘வழிதப்பின ஆட்டைத் திருப்பும் ஆண்டவரே’ என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி ஜெபிப்பது அவனிடம் பேசுவதுதான், ஆண்டவரிடம் பேசுவதல்ல. அவன் ஒத்துக்கொண்டால் மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசியுங்கள். அதுதான் நான்கிலும் சிறியது. சந்தேகம் வருகிற இடத்தில் அவன் பென்சிலால் கோடு போடட்டும், நீங்களும் போடுங்கள். ஒன்பதாம் அதிகாரத்தில் வியாதிக்காரப் பிள்ளையின் தகப்பன், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்கிறான். அரைகுறையான அந்த விசுவாசத்தை இயேசு கடிந்துகொள்ளவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். அந்த இடத்தில் உங்கள் அக்கா மகனின் நினைவு கண்டிப்பாக வரும். அவசரப்பட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடாதீர்கள்.

அவன் திரும்பி வருவானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உறுதியை உங்களுக்குத் தர எனக்கு அதிகாரமில்லை. விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதுகிறார். உங்கள் பொறுப்பு அதுவரைதான். வாக்குவாதத்தில் ஜெயிப்பது அந்தப் பொறுப்பில் அடங்காது.

தம்பி விரும்பினால் எனக்கு நேரடியாக எழுதட்டும். நான் சொன்னதில் எது சரியில்லை என்று அவன் நினைக்கிறானோ அதையே முதலில் எழுதலாம். அவன் கடிதத்தை உங்களிடம் காட்டமாட்டேன். என்ன எழுதினான் என்று நீங்களும் அவனிடம் கேட்க வேண்டாம்.